பானெட்டில் இருந்த நங்கூரம்

போன வாரம் டீ குடிக்கும்போது புதிதாக வந்திருக்கிற நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். வேக்ஸ் போட்டாலே வண்டி பளபளக்கிறதே, அதற்கு முன்னால் எதற்குத் தோள்பட்டை விட்டுப்போகத் தேய்க்க வேண்டும் என்று. நான் சிரித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டேன். பதில் தெரியாமல் இல்லை. நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. எழுதினால் கொஞ்சம் வரும். பத்தாவது வரை படித்தவன் எழுத்து. அதற்குத் தகுந்த மாதிரி படித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழிலுக்கு நான் வந்ததே பாலிஷ் மெஷின் சத்தத்துக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. வண்டிக்காரர் பக்கத்தில் நின்று பேச ஆரம்பித்தால் சுவிட்சைத் தட்டிவிடலாம். அதன் முனையில் இருக்கிற தேய்க்கும் பேட் சுற்ற ஆரம்பித்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை, தலையை ஆட்டினால் போதும். என் தோள் போன பிறகு டாக்டர் மெஷினைத் தொடக் கூடாது என்று சொன்னபோது, வேலை போனதைவிட அந்தச் சத்தம் போனதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

நான் சேர்ந்தபோது நம் கடை வாசலில் 'வாட்டர் சர்வீஸ்' என்று போர்டு இருந்தது. துபாயில் இருந்து திரும்பிய பாய் கடையை வாங்கியதும் 'கார் கேர்' ஆயிற்று. பிறகு 'கார் ஸ்பா'. இப்போது 'டீடெய்லிங் ஸ்டுடியோ'. போர்டு மாறிக்கொண்டே வந்தது. தண்ணீர்க் குழாயின் ஓட்டையில் நான் சுற்றிய சைக்கிள் டியூப் மட்டும் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. வண்டிக்கு வேக்ஸும் அப்படித்தான். மேலே என்ன பூசினாலும் அடியில் இருப்பது அடியில் இருக்கும். போர்டாவது அதை மறைக்கும். வேக்ஸ் மறைக்காது, எடுத்துக் காட்டும்.

நம் ஊரில் இதைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம், லீவில் வருகிற சவூதிக்காரர் வண்டி. வருடம் பூராவும் தார்ப்பாயின் கீழ் கிடக்கும். அவர் விமானம் ஏறிவிட்டார் என்று தெரிந்ததும், வீட்டில் உள்ளவர்கள் பாசத்தோடு பாத்திரம் விளக்குகிற பவுடரைப் போட்டுத் தேங்காய் நாரால் வண்டியை விளக்கி வைப்பார்கள். வெண்கலப் பானை விளக்குகிற அதே வட்ட வட்டமான விளக்கல். அவர் வந்து பார்த்து, "வண்டி மங்கிக் கெடக்கு, ஒரு வேக்ஸ் போட்டுடுங்க" என்பார். அப்படியே போட்டுக் கொடுத்தால், மறுநாள் வெயிலில் அந்த வட்டங்கள் எல்லாம் கோலம் மாதிரி எழுந்து நிற்கும். "ஒங்க வேக்ஸு கீறிப்புடுச்சு" என்று நம்மிடம் வருவார். நாரை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். நார் அவர் அம்மா கையில் இருந்தது.

ஆனால் நான் சொல்ல நினைத்தது இதை அல்ல. எப்போது தேய்க்க வேண்டும் என்பதைப் பாயே உங்களுக்குச் சொல்லித் தருவார். எப்போது நிறுத்த வேண்டும் என்பதை எனக்குக் காட்டியது ஒரு ஐஸ் கம்பெனிக்காரருடைய வண்டி.

காரைக்கால்மேட்டுப் படகுகளுக்கு ஐஸ் போடுகிறவர். கூடவே அரசியலும் செய்தார். எந்தக் கட்சி என்று எழுதப் போவதில்லை. சின்னத்தை வைத்துச் சொல்கிறேன், அதையும் மாற்றித்தான் சொல்கிறேன். அவர் நங்கூரக் கட்சியில் இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரக்கு நிறத்தில் பெரிய வண்டி. பானெட்டில் முறம் அளவுக்கு ஒரு நங்கூர ஸ்டிக்கர். வருடக்கணக்கில் கடற்கரைச் சாலையில், வெயிலிலும் உப்புக் காற்றிலும் நின்ற வண்டி அது.

ஒரு நாள் மதியம் வண்டி கடைக்குள் நுழைந்தது. பானெட்டில் ஸ்டிக்கர் இல்லை. டிரைவர் காத்தமுத்து மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டி எடுத்திருந்தான். ஐஸ் கம்பெனி ஐயா கட்சி மாறிவிட்டார் என்று அதற்குள் ஊருக்கே தெரியும்.

"தம்பி, ஒரு வேக்ஸ் மட்டும் போட்டு உடு. சும்மா கண்ணாடி மாதிரி இருக்கணும். நாளைக்குக் காலையில தலைவர் வர்றாரு" என்றார் ஐயா.

நான் பானெட்டைப் பார்த்தேன். ஸ்டிக்கர் போயிருந்தது. நங்கூரம் போகவில்லை. சுற்றிலும் இருந்த பெயின்ட் வெளுத்துவிட்டது. ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த இடம் மட்டும் புது வண்டி மாதிரி அடர்ந்த அரக்கு நிறத்தில், வளைந்த கொக்கியும் மேலே வளையமுமாக, வரைந்து வைத்ததுபோல் இருந்தது.

"நங்கூரம் தெரியுதுங்களே" என்றேன்.

"எந்த நங்கூரம்? அதான் பிச்சாச்சே."

"ஐயா, இப்புடி வந்து சாஞ்சு பாருங்க" என்றான் காத்தமுத்து.

அவர் சாய்ந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "வேக்ஸ் போட்டா மறைஞ்சுடும். போடு" என்றார்.

வாயால் சொல்லி அவரை நம்பவைக்க என்னால் முடியாது. கொஞ்சம் வேக்ஸை எடுத்து, நங்கூரத்தின் ஒரு கொக்கி மேலும் அதன் பக்கத்து இடத்திலும் பூசித் துடைத்துக் காட்டினேன். அந்தக் கொக்கி மட்டும் கடலில் இருந்து அப்போதுதான் தூக்கிப் போட்ட மாதிரி ஈரப் பளபளப்போடு மேலே வந்தது.

"ஏய், இன்னும் நல்லாவுல்ல தெரியுது" என்று ஐயா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் விஷயம் முழுதும் தெரிந்தது. மறுநாள் புதுக் கட்சித் தலைவரை மாநில எல்லை வளைவில் வரவேற்கிறார்கள். காரைக்காலைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச தூரத்தில் எல்லை வந்துவிடுவதால், இங்கே வரவேற்பு எல்லாம் எல்லையில்தான் நடக்கும். அங்கிருந்து ஊருக்குள் ஊர்வலம். தலைவர் இந்த வண்டியின் கூரைத் திறப்பில் எழுந்து நின்று கையசைத்துக்கொண்டு வரப்போகிறார். நின்று குனிந்தால் நேர் கீழே பானெட்டு.

"மாவட்டப் பொறுப்பு யாருக்குன்னு கடத்தெரு போயி சேர்றதுக்குள்ள அவரு முடிவு பண்ணிடுவாரு. அதே பொறுப்புக்கு அலையிற நெடுங்காட்டுக்காரன் பின்வண்டியில ஒட்டிக்கிட்டே வர்றான். இந்தக் கருமத்தத் தலைவர் பாத்தா, என் பொழப்பு அங்கயே முடிஞ்சுது" என்றார் ஐயா.

"வேற வண்டி..."

"நம்பர் குடுத்து போலீஸ்ல பாஸ் வாங்கியாச்சு."

"புதுச் சின்னத்த மேல ஒட்டிட்டா..."

"சின்னமே இன்னும் கெடைக்கலய்யா. தேர்தல் கமிஷனுக்குக் கேட்டு எழுதிப் போட்டுருக்கோம்."

புதிதாகப் பெயின்ட் அடித்தால் காய நேரமில்லை. மிச்சம் இருந்த ஒரே வழி, சுற்றிலும் வெளுத்த மேல்தோலைத் தேய்த்து எடுத்து, நங்கூரத்தின் நிறத்துக்குக் கொண்டுவருவது. கழுவி, ஓரங்களுக்கு டேப் ஒட்டி, மெஷினை எடுத்தேன்.

ஐயா எழுந்து வந்து என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். தான் ஏன் கட்சி மாறினார் என்று விளக்க ஆரம்பித்தார். நான் சுவிட்சைப் போட்டேன். அவர் மேடைப் பேச்சாளர், அந்தச் சத்தம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

"கொள்கைங்கறது என்ன தெரியுமா? உசிரு. உசிரு போனாலும் கொள்கை போவக் கூடாது" என்று மெஷினுக்கு மேலே கத்தினார். நான் கொள்கையைச் சுற்றி இருந்த வெளுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை நன்றாகவே போனது. வெளுப்பு இறங்க இறங்க நங்கூரம் கரைந்தது. வளையம் போனது, கொக்கிகள் புகை மாதிரி ஆயின. ஐயா பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னும் ஒரு வாட்டி ஓட்டுப்பா, சுத்தமாப் போயிடும்" என்றார்.

எனக்கும் அந்த ஆசை இருந்தது. அந்தச் சமயத்தில்தான் காத்தமுத்து என் பக்கத்தில் வந்து, துணி எடுத்துக் கொடுக்கிற சாக்கில், "அண்ணே, பாத்துத் தேயுங்க. நங்கூரத்துக்கு முன்னாடி இதே எடத்துல வேற ஒரு கட்சி இருந்துச்சு. அதயும் நாகப்பட்டினத்துல குடுத்துத் தேச்சுத்தான் எடுத்தோம்" என்றான்.

நான் பேடைத் தூக்கிப் பார்த்தேன். பானெட்டின் முகட்டுக் கோட்டில் பட்ட அதன் ஓரத்தில் லேசாக அரக்கு நிறம் ஒட்டியிருந்தது.

இதை மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டியின் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு கண்ணாடிப் பூச்சு இருக்கிறது. நாம் தேய்ப்பது அதைத்தான். பேடில் வண்டியின் நிறம் வந்துவிட்டால் அந்த இடத்தில் பூச்சு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பாக்கி இடத்திலும் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு மெஷின் ஒவ்வொரு சுற்றிலும் வண்டியைத் தின்கிறது. இதைப் படிக்கும்போது எளிதாக இருக்கும். ஒருவர் சிரித்துக்கொண்டு, இன்னும் ஒரே ஒரு வாட்டி என்று பக்கத்தில் நிற்கும்போது எளிதாக இருக்காது.

மெஷினை நிறுத்தினேன். கடையில் சட்டென்று அமைதி. எனக்குப் பிடிக்காத அமைதி.

"ஏன் நிறுத்துன?"

"இதுக்கு மேல தேச்சா பெயின்டு போயிடுமுங்க."

"போவட்டும். நங்கூரமும் போவுமுல்ல?"

"போயிடுமுங்க. அந்த எடத்துல சாம்பலா ஒரு வட்டம் வரும். வழுக்கை மாதிரி. தலைவரு அது என்னன்னு கேப்பாரு."

"நீ வேலை செய்ய வந்தியா, எனக்கு வழுக்கை பாக்க வந்தியா?" என்று சொல்லிவிட்டுப் பாய்க்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஐயா நம்மாளுப்பா. அவுக சொல்றபடியே செஞ்சு குடுத்துடு" என்றார் பாய்.

"பாய், பேட்ல கலர் வந்துடுச்சு" என்றேன்.

"வந்துடுச்சா?" என்றார் பாய். பிறகு குரலை இறக்கி, "ஐயா, நான் ஒரு மௌத்து வூட்டுல நிக்கிறேன். அப்புறமாப் பேசுறேன், இன்ஷா அல்லாஹ்" என்று வைத்துவிட்டார். அந்தச் சாவு வீட்டில் அவருக்குப் பின்னால் பரோட்டாக் கல்லில் கொத்துகிற சத்தம் கேட்டது. எப்போது போனை வைக்க வேண்டும் என்று தெரிந்த முதலாளி அவர். தொழிலில் அதுவும் வேண்டும்தான்.

பிளக்கைப் பிடுங்கி, வயரைக் கையில் சுற்ற ஆரம்பித்தேன். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த வீரச் செயல் என்று சொன்னால் அது ஒன்றுதான். சுற்றி முடித்த பிறகு, "வேக்ஸும் போடலைங்க. போடாம உட்டா கொஞ்சம் மங்கலா இருக்கும். தூரத்துல தெரியாது" என்றேன்.

"குனிஞ்சு பாத்தா?"

"தெரியுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்கு எனக்கு ஒன்னு ஆச்சுன்னா, இந்தக் கடை இங்க இருக்காது" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். வெறும் பேச்சு இல்லை. கடை இருந்த இடம் அவர் மச்சானுடையது.

மறுநாள் காலையில் எல்லை வளைவுக்கு நானும் போனேன். கூட்டம் எனக்கு ஆகாது. இருந்தாலும் கடையில் உட்கார்ந்து காத்திருக்க முடியவில்லை. டீக்கடைத் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வெடி வெடித்தார்கள், தப்பு அடித்தார்கள், கிரேனில் மாலை தொங்கியது. தலைவர் கூரைத் திறப்பில் எழுந்தார். ஐயா வண்டியோடு ஒட்டி நடந்தார். பின்வண்டியில் நெடுங்காட்டுக்காரர் பாதி உடம்பை வெளியே நீட்டி, முன்வண்டியில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

வெயில் நேராக பானெட்டில் விழுந்தது. தலைவர் கையசைத்தார், கும்பிட்டார், மாலையைக் கழற்றிக் கீழே கொடுக்கக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். விரலை நீட்டி ஐயாவிடம் ஏதோ கேட்டார்.

ஐயாவின் முகம் ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்த மீன் மாதிரி ஆனது. கடை போயிற்று என்றே நினைத்தேன்.

பிறகு ஐயா வாயைத் திறந்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. தலைவர் நெஞ்சில் கை வைத்ததும், கடல் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டதும்தான் தெரிந்தது. அங்கே கும்பிட எதுவும் இல்லை, ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது.

சாயங்காலம் காத்தமுத்து கடைக்கு வந்து நடந்ததைச் சொன்னான்.

"தலைவரு 'என்னங்க, நங்கூரம் மாதிரி தெரியுது'ன்னாரு. ஐயா அசரலைண்ணே. 'மீனவ மக்களோட அடையாளங்க. அவங்களயும் கூட்டிக்கிட்டுத்தான் கட்சிக்கு வரணும்னு நெனச்சேன். ஸ்டிக்கரு ஒட்டுனா விளம்பரமாப் போயிடும். அதான் உத்துப் பாத்தா மட்டும் தெரியற மாதிரி பெயின்டுலயே எறக்கச் சொன்னேன்'னாரு."

"நம்பிட்டாரா?"

"நம்புறதாவது! அதே நங்கூரத்த மேடையில பேசிட்டாரு. மாவட்டப் பொறுப்பு நம்ம ஐயாவுக்குத்தான்."

அந்த வாரமே நெடுங்காட்டுக்காரர் தன் வண்டி பானெட்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு நங்கூரம் வரைந்துகொண்டார், இதைவிடப் பெரிதாக. நெடுங்காட்டில் நெல்வயலும் வாய்க்காலும்தான் உண்டு. வாய்க்காலில் நங்கூரம் போட்டால் அது பாதி வெளியே தெரியும். வேறு இரண்டு பேர் நம் கடைக்கு வந்து, "ஐயா வண்டியில இருக்குற மாதிரி, தெரிஞ்சும் தெரியாம ஒன்னு பண்ணிக் குடுங்க" என்றார்கள். அதற்கு ஸ்டிக்கரை ஒட்டி வருடக்கணக்கில் வெயிலில் நிறுத்த வேண்டும் என்றேன். பாய் இதைப் போர்டில் சேர்க்கலாமா என்று சில நாள் யோசித்துக்கொண்டிருந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களுக்கு நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

தேர்தல் வந்தது. புதுக் கட்சிக்குச் சின்னம் கிடைத்தது, ஓட்டுக் கிடைக்கவில்லை. என் தோள் அப்போதே வலிக்க ஆரம்பித்திருந்தது. மெஷினைத் தொடாமல் கைவேலை மட்டும் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் அதே அரக்கு வண்டி கடைக்குள் வந்தது. ஐயா இறங்கினார். பானெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"தம்பி, அந்த நங்கூரம் எங்கய்யா?"

வெயிலும் உப்புக் காற்றும் தங்கள் வேலையைச் செய்திருந்தன. பானெட்டு முழுக்க ஒரே மங்கல்.

"போவணும்னுதானுங்களே சொன்னீங்க" என்றேன்.

"அது அப்ப. இன்னிக்கு மதியம் பழைய கட்சி மேலிடத்துல இருந்து வூட்டுக்கு வர்றாங்க. நான் மனசால போவவே இல்ல, வண்டியில இருக்குற நங்கூரத்தக் கூட அழிக்க உடலன்னு சொல்லிப்புட்டேன். அதக் கண்ணால பாக்கணும்ங்கறாங்க. அது இல்லாட்டி நான் ரெண்டு எடத்துலயும் இல்லாம நடுத்தெருவுல நிப்பேன்."

சாய்ந்து பார்த்தேன். வெளிச்சத்துக்குக் குறுக்கே பார்த்தால் மிக லேசாக ஒரு வளைவு. அன்றைக்கு இன்னும் ஒரு வாட்டி ஓட்டியிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

"என்ன பண்ணணும்? எவ்வளவு வேணாலும் தேய்யி" என்றார்.

"தேய்க்கவே வேணாங்க. வேக்ஸ் மட்டும் போதும்."

முதல் நாள் வந்தபோது அவர் கேட்டதும் அதைத்தான். அவருக்கு அது ஞாபகம் இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

கழுவி, உலர்த்தி, கையால் வேக்ஸ் பூசினேன். கையால் பூசுவதில் ஒரே கஷ்டம், மெஷின் சத்தம் கிடையாது. கொள்கையைப் பற்றி அவர் சொன்னது அத்தனையும் கேட்க வேண்டியிருந்தது. போன முறை சொன்னதேதான், கட்சிப் பெயர் மட்டும் இடம் மாறியிருந்தது.

துணியால் துடைத்தேன். முதலில் வளையம் வந்தது. பிறகு தண்டு. கடைசியில் இரண்டு கொக்கிகளும் அரக்கு நிறத்தில் மெல்ல எழுந்து வந்தன.

"ஐயா, வருது" என்றான் காத்தமுத்து.

ஐயா வந்து பார்த்தார். பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. அதில் நடிப்பு இல்லை என்று என்னால் சொல்ல முடியும். வெளிச்சத்தில் வைத்து மேற்பரப்பைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு.

"பாத்தியா தம்பி? என்னென்னமோ நடந்துச்சு. ஆனா இத மட்டும் நான் அழிக்க உடல" என்றார்.

ஆகையால் தம்பிகளா, வேக்ஸ் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் வண்டிக்காரரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். இருப்பது மறைய வேண்டுமா, தெரிய வேண்டுமா என்று. மறைய வேண்டும் என்றால் முதலில் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது பேடைத் தூக்கித் தூக்கிப் பாருங்கள். நிறம் வந்தால், பக்கத்தில் யார் நின்றாலும் பிளக்கைப் பிடுங்குங்கள். கொஞ்சம் பெயின்டை விட்டு வைத்தால் கெட்டுப்போவது ஒன்றும் இல்லை. எது எப்போது வேண்டியிருக்கும் என்று அவர்களுக்கே தெரியாது.

அன்றைக்கு ஐயா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, மேலிடத்துக்கு போன் பேச ஆரம்பித்துவிட்டார். காத்தமுத்து சாவியை வாங்குகிற சாக்கில் என் பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, ரொம்ப அழுத்திப் போட்டுட்டீங்களா? அடுத்த தேர்தலுக்குள்ள மங்கிடுமுல்ல?"

"வெளியில நிறுத்தி வை. வெயிலு பாத்துக்கும்" என்றேன்.